நாரையின் கழுத்து

அடுக்குப் பெட்டியின் மேல் நாரை முழுசாக நின்றுகொண்டிருந்தது, அப்படியென்றால் காலை மாத்திரையை இன்னும் போடவில்லை என்று எண்ணியபடி கஸ்பார் மூடியைக் கழற்றிப் பார்த்தார், கழுத்து வரைந்த தட்டு காலியாக இருந்தது, அப்படியென்றால் போட்டாயிற்று. மூடியைத் திரும்ப வைத்தார். அது உடனே உட்காரவில்லை. உள்ளே இருந்த காற்று போக வழி தேடி, மெல்ல, ஒரு சின்னப் பெருமூச்சு மாதிரி வெளியேறிய பிறகுதான் உட்கார்ந்தது. நாரையின் தலை கழுத்தோடு சேர்ந்துகொண்டது. சேர்ந்த இடம் நகத்துக்குக்கூடத் தட்டுப்படவில்லை. இதுவும் உண்மை, அதுவும் உண்மை என்று இருக்க முடியாது. முழுசாக நின்றால் போடவில்லை. காலியாக இருந்தால் போட்டாயிற்று. மறுபடி கழற்றினார். உள்ளே கண்ணுக்குப் புலப்பட்டும் படாமலும் பொன்துகள் தூவியிருந்தது, பேரிக்காய்த் தோல் என்று அதற்குப் பெட்டி செய்த ஊரில் பேர், பேர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான், பேரிக்காய்த் தோல் ஞாபகம் இருக்கிறது, இன்று காலையில் வாயில் எதைப் போட்டோம் என்பது ஞாபகம் இல்லை. மகள் ஜெசிந்தா பூசைக்குப் போயிருக்கிறாள். வந்ததும் கேட்பாள். நேற்று ராத்திரி வந்து இறங்கியதிலிருந்து அவள் எதைக் கேட்டாலும் அது பரீட்சை மாதிரித்தான் இருக்கிறது, இன்று என்ன கிழமைப்பா என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படுகிறவளுக்குக் கிழமை தெரியாதா.

கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவனுக்கு இதெல்லாம் கஷ்டமாக இருக்கக் கூடாது. அங்கே எந்த வால்வு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கைப்பிடி குழாயோடு ஒட்டி நீளவாக்கில் கிடந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. மனிதன் மறப்பான், கைப்பிடி மறக்காது. அந்தப் புத்தியில்தான் இதையும் ஏற்பாடு செய்தார். போன மாதம் ஒரே காலையில் மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டுக் குளியலறை வாசலில் விழுந்து கிடந்த பிறகு செய்த ஏற்பாடு. ஒரு வேளை விட்டுப்போச்சுன்னா சிக்கல்தான் சார், மறந்துட்டு ரெண்டாப் போட்டீங்கன்னா அதைவிடப் பெரிய சிக்கல், ரெண்டையும் செய்யாதீங்க, என்று டாக்டர் சொன்னார், ஏதோ கஸ்பார் வேண்டுமென்று மாற்றி மாற்றிச் செய்கிற மாதிரி. ஜெசிந்தா பூனாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி அனுப்பினாள், கிழமைக்கு ஒரு குழி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸ் மாதிரி. அதைப் பார்க்கும்போதே தனக்கு மூக்கொழுகுகிற மாதிரி இருந்தது அவருக்கு. வீட்டில் அலமாரி நிறைய மருந்துப் பெட்டி இருக்கும்போது பிளாஸ்டிக் டப்பா எதற்கு. கப்பலில் போனபோதெல்லாம் அவர் வாங்கிச் சேர்த்த இன்ரோ என்பதே மருந்துப் பெட்டிதானே. பை வைத்துத் தைக்காத அந்த ஊர் உடுப்பில் மருந்தை எங்கே வைப்பான், இடுப்பில் கட்டித் தொங்கவிட்டான், உள்ளங்கையில் அடங்கும் அடுக்குப் பெட்டி, தட்டின் மேல் தட்டு, எல்லாம் சேர்ந்தால் ஒரே படம். இதில் மழையில் நிற்கும் நாரை. மூடியில் தலை. முதல் தட்டில் கழுத்து, அது காலை. அடுத்ததில் வயிறு, அது மத்தியானம். அதற்கடுத்து கால்கள், ராத்திரி. கடைசித் தட்டில் தண்ணீர் மட்டும், அதில் ஒன்றும் வைப்பதில்லை. பின்பக்கம் நாரை இல்லை, நாணலும் மழையும்தான். தொங்கவிடும் பட்டுக் கயிறு இற்றுப்போய் என்றைக்கோ கழற்றி வைத்தாயிற்று, அதனால் எந்தத் தட்டையும் முன்பின்னாகத் திருப்பி வைக்கலாம், செய்தவன் இரண்டு பக்கமும் அப்படி ஒத்துப்போகும்படி செய்திருந்தான். மாத்திரை போட்டதும் அந்தத் தட்டைத் திருப்பிவிட வேண்டும். கழுத்து இருந்த இடத்தில் மழை வந்துவிடும். ராத்திரிக்குள் நாரை முழுவதும் கலைந்து தலை மட்டும் நாணலின் மேல் மிதக்கும். படுக்கப் போகும்முன் மூன்று தட்டிலும் மாத்திரை வைத்து நாரையைச் சேர்த்து வைத்துவிடுவார். இத்தனை நாள் பிசகாமல்தான் நடந்தது. பிசகியிருந்தாலும் அவருக்கு எப்படித் தெரியும் என்று இப்போது ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தை அவர் தொடரவில்லை.

ஒழுங்காக யோசிக்க வேண்டும். நேற்று ராத்திரி தட்டுகளை நிரப்பிக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கையில் பெட்டியோடுதான் போய்க் கதவைத் திறந்தார், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஜெசிந்தா பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், ஏம்ப்பா, கடைசில இதுக்கு ஒரு வேல குடுத்துட்டியளா, அம்மா இருந்தா சந்தோசப்பட்டிருப்பா என்றாள். அவரும் சிரித்து, மேல காலை, நடுவுல மத்தியானம், அதுக்குக் கீழ ராத்திரி என்று விளக்கிச் சொன்னார். திருப்புவதைச் சொல்லவில்லை. அதைச் சொல்வது ஞாபகமறதியைச் சொல்வது. ஆனால் நிரப்பி முடித்துவிட்டா போனார்? அவர் கீழிருந்து மேலாகத்தான் அடுக்குவார், அடுக்குப் பெட்டியை வேறெப்படி அடுக்குவது, ராத்திரித் தட்டு முதலில், பிறகு மத்தியானம், கடைசியில்தான் காலை. ஆட்டோ சத்தம் கேட்டபோது எந்தத் தட்டில் இருந்தார். காலைத் தட்டைக் காலியாகவே வைத்து மூடிவிட்டுப் போயிருக்கலாம். அப்படியென்றால் நாரை முழுசாக இருப்பது சரி, தட்டு காலியாக இருப்பதும் சரி, மாத்திரை போடவில்லை. இப்போது போட வேண்டும். எழுந்து மாத்திரைகளைக் கொட்டி வைத்திருக்கும் பழைய ஊறுகாய் பாட்டிலைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். அட்டையோடு வைத்திருந்தால் எண்ணிப் பார்க்கலாம், அவர் வாங்கிய அன்றே எல்லாவற்றையும் பிதுக்கிப் பாட்டிலில் போட்டுவிடுகிறவர். மாத்திரை கையில் வெள்ளையாக இருந்தது. ஆனால் ஜெசிந்தா நிமிர்த்தி வைத்திருக்கலாமே. காலையில் அவர் போட்டுவிட்டுத் தட்டைத் திருப்பி வைத்திருக்க, போகிற வழியில் அவள் பார்த்து, இதென்ன கோணல்மாணலாக இருக்கிறது என்று கழுத்தைச் சரியாக்கிவிட்டுப் போயிருக்கலாமே. யாராக இருந்தாலும் செய்வார்கள். கழுத்தில்லாத நாரையைப் பார்த்துவிட்டு எவர் கை சும்மா இருக்கும். எஞ்சின் அறையில் வால்வுக் கைப்பிடி அழகாக இல்லையே என்று எவனும் திருப்பி வைக்க மாட்டான். இங்கே படம் அழகாக இருக்கிறது, அதுதான் ஆபத்து, இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை. அவர் மாத்திரையைப் பாட்டிலுக்குள் போட்டார். போட்டோமா என்று பாட்டிலுக்குள் பார்த்தார். எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இருந்தது. கையைப் பார்த்தார், கை காலியாக இருந்தது, பாட்டிலில்தான் போட்டோம், வாயில் அல்ல, இப்போதுதானே, வாய் உலர்ந்திருக்கிறது, நாக்கில் கசப்பில்லை.

உட்கார்ந்தார். மேசையில் ஒரு தம்ளர் இருந்தது, அதன் அடியில் ஈரத்தில் ஒரு வளையம். தண்ணீர் குடித்திருக்கிறார். எதற்குக் குடித்தார். தாகத்துக்கும் மனிதன் குடிப்பான். வளையத்தை விரலால் தொட்டு இழுத்தபோது கோபே துறைமுகத்தில் அவர் இந்தப் பெட்டிகளை வாங்கிய கடையின் கண்ணாடிப் பெட்டி நினைவில் வந்து நின்றது, ரயில் பாலத்துக்கு அடியில் வரிசையாகக் கடைகள், மேலே ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி நடுங்கும், அந்த நடுக்கத்தில் உள்ளே ஒரு மூலையில் இருந்த சின்னக் கோப்பைத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். கோப்பை. விலையுயர்ந்த பெட்டிகளுக்கு நடுவில் எதற்கு ஒரு கோப்பைத் தண்ணீர். கூட வந்த செகண்ட் எஞ்சினியர் குரியன் கஸ்பாரைக் கேட்டான், என்ன கொரேரா, பெட்டிக்குத் தாகம் எடுத்தால் குடிக்கவா என்று. கடைக்காரர் காரணம் சொன்னார். ஆங்கிலம் பாதி, கை பாதி. சொன்னபோது கஸ்பார் ஓகோ என்று தலையாட்டினார், அந்தத் தலையாட்டல்கூட ஞாபகம் இருக்கிறது, கடைக்காரரின் சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தது ஞாபகம் இருக்கிறது, அவர் சொன்னது போய்விட்டது. கொஞ்ச நாளாகவே அந்தக் கோப்பை அவரைத் தொந்தரவு செய்கிறது, பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள் மாதிரி. மனைவி ரெஜினாவிடம் கேட்கலாம், அவளுக்குச் சொல்லியிருப்பார், அவள் எதையும் மறக்க மாட்டாள். அவள் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை, அப்போது அவருக்கே தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவை கப்பல் திரும்பும்போதும் அவர் துணியைப் பிரித்து ஒரு பெட்டியை எடுப்பார், ரெஜினா கழற்றிக் கழற்றிப் பார்ப்பாள், பெட்டிக்குள்ள பெட்டி, அதுக்குள்ள பெட்டி, கடைசில பாத்தா ஒண்ணுமில்ல, இதுக்குப் போயி மனுசன் கடல் தாண்டிப் போறாரு பாருங்க என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாள். உள்ளே இருப்பதற்கு அல்ல, மூடும்போது வருகிற அந்த மூச்சுக்காகத்தான் வாங்கினேன் என்று அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாள். செய்தவன் எத்தனை தடவை அரக்குப் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி, ஈரம் ஆறும்முன் பொன்னைத் தூவி, மறுபடி மூடி, மறுபடி தேய்த்துப் பொன்னை வெளியே வரவழைத்து. மழையை அப்படித்தான் வரைந்திருக்கிறான், முதலில் வரைந்து, பிறகு கறுப்பால் முழுவதும் மறைத்து, பிறகு தேவையான அளவு மட்டும் தேய்த்து வெளியே எடுத்திருக்கிறான். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் மழையே இருக்காது. அந்த அரக்கில் ஒரு விசித்திரம், அது வெயிலில் காயாது, ஈரக் காற்றில்தான் இறுகும். ஈரத்தில் காய்கிற பொருள். இதை முதலில் கேட்டபோது கடைக்காரருக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லை என்றுதான் நினைத்தார்.

அதனால்தான் தூத்துக்குடி இந்தப் பெட்டிகளுக்கு நல்ல ஊர். கடல்காற்று, கதவுத் தாழ்ப்பாளெல்லாம் துருவேறும், உப்பு ஜாடி கசியும், பெட்டிகள் மட்டும் சுகமாக இருக்கும். பூனாவில் என்ன இருக்கிறது, வெயில் காலத்தில் உதடு வெடிக்கிற வறட்டுக் காற்று. அங்கே கொண்டுபோனால் அரக்கு மரத்தை விட்டுச் சுருங்கி மயிரிழையாகக் கீறல் விடும், பிறகு மூடி இறங்காது, மூச்சும் வராது. பேசாம எங்கூட வந்துருங்கப்பா, இனிமே நான் இப்படிப் பதறி ஓடியார முடியாது என்று போனில் ஜெசிந்தா சொன்னபோது அவர் இதைத்தான் சொன்னார். பெட்டி வெடிச்சுரும் என்றார்.  பெட்டி, என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். இப்போது நேரில் வந்திருக்கிறாள். அவர் தனியாக இருக்க லாயக்கா இல்லையா என்று பார்த்துவிட்டுப் போவதற்கு வந்திருக்கிறாள், அவள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் நேற்று கேஸ் அடுப்பின் குமிழை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள், ஃபிரிட்ஜைத் திறந்து எதையோ முகர்ந்தாள். வந்ததும் மாத்திரை போட்டியளா என்று கேட்பாள். போட்டேன் என்று சொல்ல வேண்டும், தடுமாறாமல். சொல்லிவிட்டால் பிறகு அதைப் போட முடியாது. போடாமலே போட்டேன் என்று சொல்லிவிட்டால் மத்தியானத்துக்குள் நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கும். போட்டுவிட்டு இப்போது இன்னொன்றைப் போட்டால் குளியலறை வாசல், கன்னத்தில் அந்தத் தரையின் குளிர்ச்சி, ஓட்டையில்லாத ஒரு இருட்டு. நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது ஓடியது, நின்றது, ஓடியது. அல்லது விரல்தான் நழுவியது. பயத்தில் யாருக்கும் அப்படித்தான் ஓடும்.

அலமாரியில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது, அவர் வாங்கியதிலேயே வேடிக்கையான பெட்டி. நேராகப் பார்த்தால் வெறும் கறுப்பு. வெளிச்சத்துக்குச் சாய்த்தால் கறுப்புக்குள் கறுப்பாகக் காக்கைகள், ஒரு கூட்டம், இரவில் அடைகிற காக்கைகள். நிமிர்த்தினால் இல்லை. இன்று காலை நடந்ததையும் அப்படிச் சாய்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியது, நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில். காலையில் எழுந்தார். பல் விளக்கினார். காப்பி, சர்க்கரை குறைவாக இருந்தது, ஜெசிந்தா போட்டது. அவள் தலையைத் துவட்டியபடி சமையலறைக்கும் அறைக்குமாக நடந்தாள். பவுடர் வாசனை. பூசை முதல் மணி. பிறகு அவள் செருப்பைத் தேடினாள், அல்லது அது நேற்றா, அல்லது வேறொரு ஞாயிற்றுக்கிழமை ரெஜினா செருப்பைத் தேடியதா. ஒரு கை வந்தது. மேசைக்கு மேலாக ஒரு கை நீண்டது, அது யார் கை, எதையாவது வைத்திருந்ததா, அவர் அந்தக் கையைப் பார்க்க முயன்றபோது அது நிமிர்ந்த பெட்டி மாதிரி வெறும் கறுப்பாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். காப்பி. பல். மணி. கை வரவில்லை. வெளியே கிராதிக் கதவின் கொண்டி சத்தம் கேட்டது.

"சாமியார் பிரசங்கத்த முடிப்பனாங்காரு. வெயில் ஏறிட்டு," என்றபடி ஜெசிந்தா உள்ளே வந்து முக்காட்டை எடுத்து நாற்காலியில் போட்டாள். "வார வழில விளமீன் வாங்கினேன், நல்லாருக்கா பாருங்க. என்னைய வெளியூர்க்காரின்னு நெனச்சுட்டான் மீன்காரன். ஏய், நான் கொரேரா மகளுன்னதும் செவுள எடுத்துக் காட்டுதான்." அவர் மீனைப் பார்த்தார், கண் தெளிவாக இருந்தது, நல்லாருக்கு என்றார். போட்டேன் என்ற சொல் வாயில் தயாராக இருந்தது. அவள் கேட்கவில்லை. மீனைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து மின்விசிறியைப் போட்டாள். பெரிய தெரேசக்காவப் பாத்தேன், உங்களக் கேட்டாங்க என்றாள். மறுபடியும் உள்ளே போனாள். கேட்கவில்லை. கிழமையைக் கேட்டவள் இதை ஏன் கேட்கவில்லை. மறந்துவிட்டாளா, அவளும் மறப்பாளா. அல்லது இதுதான் பரீட்சையா. அவர் எழுந்து சமையலறை வாசல்வரை போனார். சொல்ல வேண்டியது போட்டேன் என்பது. அது ஒரு சொல்தான்.

"ஜெசி. காலை மாத்திரைய நான் போட்டேனா?"

குழாயடியில் அவள் கை நின்றது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"நாந்தானப்பா குடுத்தேன்," என்றாள் அவள் திரும்பாமல். "பூசைக்குப் பொறப்படும்போது. மேல் தட்டுலருந்து எடுத்து உங்க கையில குடுத்தேன். தண்ணி வென்னியா இருக்குன்னு சொன்னிய, வேற ஊத்தித் தந்தேன்." குழாயை மூடினாள். "குடிச்சிய."

"ஆமா," என்றார் கஸ்பார். பிறகு, "இல்ல. எனக்கு ஞாபகம் இல்ல," என்றார்.

நெஞ்சில் ஏதோ இறங்கியது, மாத்திரை உள்ளேதான் இருக்கிறது, இன்றைக்குப் பிரச்சினை இல்லை. அதே சமயம் வேறேதோ ஏறியது. எடுத்தது, கொடுத்தது, தண்ணீர் வெந்நீராக இருந்தது, வேறு தண்ணீர், குடித்தது, அத்தனையும் அவர் இருந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது. சொன்ன பிறகும் அதில் ஒன்றுகூட வரவில்லை. வெந்நீராவது வர வேண்டாமா. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையை நோக்கிக் கையைக் காட்டினார். "நீ திருப்பல. குடுத்துட்டுத் தட்டத் திருப்பி வைக்கணும்."

"எதத் திருப்பணும்?"

காட்டினார். மூடியைக் கழற்றி, கழுத்துத் தட்டை எடுத்து, முன்பின்னாகப் பிடித்து, இப்படி என்றார். போட்டா மழை, போடலைன்னா கழுத்து. அவள் அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். மீன் வாசம் விரலில் இருக்கிறதா என்று முகர்ந்துவிட்டு, தட்டைத் திருப்பி வைத்து, மூடியை மேலே விட்டாள். அவள் அழுத்தவில்லை, தானாக இறங்கட்டும் என்று விட்டாள், அது அவளுக்கு எப்படித் தெரியும். காற்று மெதுவாக வெளியேறியது. தலைக்கும் வயிற்றுக்கும் நடுவில் மழை பெய்தது.

"பாவம்ப்பா இந்தக் கொக்கு."

"நாரை."

"சரி, நாரை." மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். அவள் அழுகிறாளோ என்று அவர் காதைக் கூர்மையாக்கினார், பாத்திரச் சத்தம்தான் கேட்டது. திரும்பி வரும்போது அவள் கையில் ரெஜினாவின் காப்பிக் கோப்பை இருந்தது, காது ஒடிந்தது, ததும்பத் ததும்பத் தண்ணீர். அலமாரியைத் திறந்து, பெட்டிகளுக்கு நடுவில் கையை மெல்ல விட்டு, காக்கைப் பெட்டிக்குப் பின்னால் மூலையில் வைத்தாள்.

"என்னது அது?"

"காத்து வறண்டா பெட்டி வெடிச்சுரும்னியள்லா. பூனாவுல ஒருத்தர்ட்ட விசாரிச்சேன். இப்படி ஒரு கோப்பைத் தண்ணிய உள்ள வச்சு மூடிட்டாப் போதுமாம். தண்ணி கொஞ்சங் கொஞ்சமா ஆவியாயி உள்ள ஈரம் காக்குமாம். பெரிய பெரிய மியூசியத்துலயே அதான் செய்வாங்களாம்." அலமாரியைச் சாத்தினாள். "இங்க வச்சுப் பழகுவோம்னு வச்சேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோப்பை இருந்தது. மேலே ரயில் எதுவும் போகவில்லை, ஆனால் அவள் சாத்திய அதிர்வில் தண்ணீரில் வளையம் எழுந்து விளிம்புவரை போய் அடங்கியது. இதைத்தான் கடைக்காரர் சொன்னார், கறுத்த நகத்தால் கோப்பையைத் தொட்டு, பிறகு காற்றில் கையை அசைத்து. இத்தனை வருஷமும் தெரிந்த விஷயம். பெட்டி வெடிச்சுரும் என்று போனில் சொன்னபோதும் எங்கோ அடியில் தெரிந்திருக்குமோ. தெரிந்தேதான் சொன்னோமா, மறந்ததால் சொன்னோமா. அதைச் சாய்த்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஜெசிந்தா சமையலறைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.  அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வத்துமே," என்றார். "யாரு பாத்துப் பாத்து ஊத்துறது?"

கேட்ட பிறகுதான், பூனாவுக்குப் போக மாட்டேன் என்கிறவன் கேட்கிற கேள்வி இல்லை அது என்று அவருக்குப் பட்டது.